சிவப்புக் குறி அழித்த மூடி

மூடிக்காரர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், என் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தபோது. எவர்சில்வர் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். உள்ளறையில் படுத்திருந்த பெரிய மாமியார் எழுந்திருக்காமலே குரல் கொடுத்தார்: “வந்துட்டா இன்னொரு நழுவக்கை! மூடிக்காரன்கிட்ட சொல்லி இவளுக்கும் எதையாச்சும் கண்டுபிடிக்கச் சொல்லுங்க.”

வீடே சிரித்தது. அடுப்படியில் நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வலது கையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, குனிந்து இடது கையால் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர்தான் முதல் நழுவக்கை.

உறவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் இருக்காது. பெரிய மாமியார் என் வீட்டுக்காரரின் பெரியம்மா. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் லாரி ஓட்டினார். அவர் மனைவிதான் தட்டை எடுத்துக் கொடுத்தவர். எனக்கு ஓரகத்தி முறை, அக்கா என்று கூப்பிடுவேன். இளையவர் பாத்திரப் பட்டறையில் வேலை. அவரைத்தான் ஊரெல்லாம் மூடிக்காரர் என்றது. பானையை மூடிக் கவிழ்த்தால் மூடி விழாமல் தண்ணீர் மட்டும் வடிகிறதே, ஓரத்தில் ஓட்டையும் இரண்டு காதும் வைத்த அந்த மூடி, அது அவர் கண்டுபிடித்தது என்று பேர். அண்ணி கை வெந்ததைப் பார்த்து மனசு பொறுக்காமல் கண்டுபிடித்தார் என்பது கதை. அந்தக் கதையின் மிச்சப் பாதியை அவர் வாயிலிருந்தே கேட்க எனக்கு இன்னும் முப்பத்து நாலு வருஷம் ஆனது.

மூடிக்காரருக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது இது.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் வரிசையாகச் சுழலும் இயந்திரங்கள். அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, இயந்திரத்தில் அச்சோடு சேர்த்து மாட்டி, சுழலும்போது நீளமான இரும்புத் தடியால் அழுத்த வேண்டும். தகடு மாவு மாதிரி வளைந்துகொடுத்து அச்சின்மேல் படியும். தடியை அக்குளில் இடுக்கி உடம்பு முழுவதும் சாய்ந்து அழுத்தினால்தான் விளிம்பு சரியாக மடியும். கொஞ்சம் தளர்ந்தால் ஒரு பக்கம் ஆழம் குறையும். அங்கே நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பேசி, அந்தத் தெரு ஆண்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். “உப்பு போடு” என்றால் பக்கத்து வீட்டுக்காரியும் உப்பு போடுவாள் என்று கேலி செய்வோம். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மனுஷன் நாற்பது வருஷம் ஒரு ரகசியத்தை வைத்திருந்தார் என்றால் பாருங்கள்.

பட்டறைக்காரர் வீடுகளில் நல்ல பாத்திரம் இருக்காது. கடைக்குப் போகாத பழுதெல்லாம் வேலைக்காரர் வீட்டுக்கு வந்துவிடும். சாய்ந்து நிற்கும் குடம், வயிறு ஒடுங்கிய சட்டி, காது ஒன்று மேலே ஒன்று கீழே வைத்த அண்டா. மேஸ்திரி ஒவ்வொரு உருப்படியையும் தடவிப் பார்ப்பார். பழுது என்றால் உள்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. குறி போட்ட சாமான் அடுப்பேறாது. இது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். அதில் வெங்காயம் போட்டு வைக்கலாம், துணி ஊறவைக்கலாம், கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அந்தச் சிவப்பு தெரியும்.

மூன்று வருஷம் தகடு சுமந்த பிறகு, ஒருநாள் மேஸ்திரி மூடிக்காரரை இயந்திரத்தில் நிற்கவைத்தார். முதல் மூடி. பல்லைக் கடித்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் நிலாத் துண்டு மாதிரி மின்னியது. மேஸ்திரி விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஆழம் பத்தல. நிமிர்ந்து இருக்கிற வரைக்கும் உட்காரும். சாய்ச்சா வந்துடும்” என்று சொல்லி, தூரிகையைத் தொட்டு இரண்டு கோடு போட்டுவிட்டார். “போ, வீட்டுல அரிசி டப்பாவுக்கு ஆகும்.”

அன்று மாலை எல்லாரும் கை கழுவப் போனபோது அவர் மட்டும் பின்பக்கம் போனார். மண்ணெண்ணெயில் தோய்த்த கந்தலால் குறியைத் துடைத்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை, சுலபமாக வந்துவிட்டது. கந்தலைக் கழிவுத் தகடுகளுக்கு அடியில் செருகினார். வீட்டுக்கு வந்து அண்ணி கையில் கொடுத்தார்.

“அண்ணி, நானே செஞ்சது. முத மூடி. குறி இல்லாதது.”

பதினான்கு வயதில் அம்மை கண்டு படுத்திருந்தபோது, புதுப்பெண்ணாக வந்த அந்த அண்ணிதான் அவருக்குக் கஞ்சி ஊட்டியவர். இந்த வீட்டில் ஒரு நல்ல பாத்திரம் உண்டா என்று அண்ணி சிரித்துக்கொண்டே அலுத்துக்கொள்வதை அவர் கேட்டிருக்கிறார். அண்ணி மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. “அட, என் தம்பி பெரிய கைக்காரனாயிட்டான்! இந்த வீட்டுக்கு முத நல்ல சாமான் இதுதான்” என்று பெரிய பானைமேல் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

சாய்க்காதவரை உட்காரும் என்று மேஸ்திரி சொன்னதை அவர் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாக ஒன்று செய்து இதை மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அதையே நினைத்தார்.

நாலாம் நாள் காலையில் அண்ணி கிழங்கு வேகவைத்து, தண்ணீரை வடிக்கப் பானையைத் துணியோடு பிடித்துச் சாய்த்தார். மூடி வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் அத்தனையும் வலது கையில்.

அவர் பட்டறையிலிருந்து ஓடி வந்தபோது கையில் ஈரத்துணி சுற்றி அண்ணி சுவரில் சாய்ந்திருந்தார். மூடி தரையில் கிடந்தது. அவருடைய அம்மா, அதாவது என் பெரிய மாமியார், நின்று கத்திக்கொண்டிருந்தார்: “ஒரு பானையப் பிடிக்கத் தெரியல! வழவழன்னு நழுவுற கையி. புள்ள ஆசையா செஞ்சு குடுத்த மூடியக்கூடப் பிடிக்கத் தெரியல!”

அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து மூடியை எடுத்தார். எங்கே சிவப்பு தெரிந்துவிடுமோ என்று உள்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அதை நினைத்தால்தான் தனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி முகத்தைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தேனே என்பார்.

லாரியிலிருந்து வந்த அண்ணனும் தன் பங்குக்கு, “கவனம் எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். புண் ஆற மூன்று மாதம் ஆனது. இரண்டு விரல் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. நழுவக்கை என்ற பேரும் ஒட்டிக்கொண்டது.

கை ஆறிய பிறகு அண்ணி சும்மா இருக்கவில்லை. ஒன்றரைக் கையால் பானையை எப்படிக் கவிழ்ப்பது என்று கரித்துண்டால் சுவரில் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, மூடியோட ஒரு ஓரத்துல வரிசையா ஓட்டை போடு. ரெண்டு பக்கமும் காது மாதிரி தகடு வை. மூடியத் திருப்பினா அந்தக் காது பானைக் கைப்பிடிக்குக் கீழ போய் மாட்டிக்கணும். அப்ப யாரும் மூடியப் பிடிக்கவே வேணாம். பானைய மட்டும் பிடிச்சாப் போதும்.”

“மாட்டிக்குமா அண்ணி?”

“கதவு தாழ்ப்பாள் மாட்டிக்கலையா? அது மாதிரிதான். யோசிக்க ஒண்ணும் இல்ல, நீ செய்யி.”

இரண்டு வாரம் முட்டி மோதிச் செய்தார். காது முதலில் குட்டையாகி வழுக்கியது, பிறகு நீளமாகி இடித்தது. ஏழாவது மூடி மாட்டிக்கொண்டது. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்து அண்ணி குழந்தை மாதிரி சிரித்தார். “பாத்தியா! என் மூளை, உன் தகரம்!”

அதைப் பட்டறை முதலாளி பார்த்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பி, கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

“யாருடா யோசனை இது?”

“எங்க அண்ணிக்குக் கை வெந்துபோச்சுங்க...”

“அதப் பார்த்து உனக்கு மனசு கேக்கல! உடனே உக்காந்து யோசிச்சுட்ட! பலே!” முதலாளி முதுகில் தட்டினார். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேஸ்திரியும் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ கேள்வி இருந்தது போல இவருக்குப் பட்டது. ஆனால் அந்த மனுஷர் மறுவருஷமே வேலையை விட்டுப் போய்விட்டார், எதையும் கேட்கவில்லை.

அண்ணி சொன்ன யோசனை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணியிடம் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும், மூடி எப்படி நழுவியது, யார் செய்த மூடி, மேஸ்திரி பார்த்தாரா, குறி எங்கே போனது என்று நூல் பிடித்த மாதிரி வந்து நிற்கும் என்று பயந்தார். ஒன்றை மறைக்க இன்னொன்று.

மூடி நன்றாக விற்றது. பெட்டிக்குள் ஒரு காகிதம் வைத்தார்கள். கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் அழுகிற படம், பக்கத்தில் சுத்தியலோடு ஓர் இளைஞன். ‘ஒரு தம்பியின் பாசத்தில் பிறந்த மூடி’ என்று தலைப்பு. அண்ணிக்கு அதை வாசித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். “நான் எப்ப அழுதேன்? அம்புட்டு அழகா ஒரு மூக்கு வேற வரைஞ்சிருக்கான். என் மூளைய உன் தகரத்துல அடிச்சு வித்துட்டியே தம்பி! போகட்டும், உனக்குத்தானே பேரு வந்துச்சு.”

யோசனையைத் திருடியதைச் சிரிப்பில் கரைத்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மூடிக்காரரைக் கொன்றது. மன்னிக்கப்பட்டது சின்னது, பெரியது இருப்பதே அண்ணிக்குத் தெரியாது.

பிறகு வருஷங்கள் ஓடின. அவர் மேஸ்திரி ஆனார். பழுதுக்குக் குறி போடும் தூரிகை அவர் கைக்கே வந்தது. மற்ற மேஸ்திரிகள் இரண்டு கோடு போட்டால் இவர் ஆணியால் கீறிவிட்டு அதன்மேல் பெயிண்ட் அடிப்பார். “சாமானையே ஓட்டை போட்டுருவீங்க போல” என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மூத்தவன் பிறந்தபோது எல்லாரும் வந்து தூக்கினார்கள். அக்கா வாசலிலேயே நின்றார். “வாங்கக்கா, தூக்குங்க” என்றேன். “வேணாம்மா. என் கை சரியில்ல, நழுவிடும். இங்கருந்தே பாக்குறேன்” என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மடங்கிய விரலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூடிக்காரருக்கு மகள் பிறந்தபோதும் அதேதான். அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தூக்குங்கள் அண்ணி என்று ஒரு வார்த்தை வரவில்லை அவர் வாயில்.

மூடி வந்து நாற்பது வருஷம் ஆனபோது பட்டறையில் விழா வைத்தார்கள். பழைய முதலாளியின் மகள் அப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றாடச் சாமான்களைக் கண்டுபிடித்தவர்களின் கதையை எழுதும் பத்திரிகைக்காரர் ஒருவரும் வருவதாக ஏற்பாடு. அந்த அம்மா நேரே அக்கா வீட்டுக்கே வந்து, “நீங்க ஒண்ணும் பேச வேணாம். மேடையில உக்காந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினாப் போதும். அதப் பார்த்தாலே ஜனங்களுக்குக் கதை புரிஞ்சிரும்” என்றார்.

“கண்காட்சிக்கு என் கை மட்டும் போகுதா, நானும் கூட வரலாமா?” என்று அக்கா கேலியாகக் கேட்டுவிட்டுச் சரி என்றுவிட்டார்.

மூடிக்காரருக்கு இது தெரிய வந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனார். நான் அன்று அங்கே அக்காவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத் தயங்கினார்.

“உக்காரு தம்பி. என்ன, மேடையில பேச ஒத்திகையா?” என்றார் அக்கா.

அவர் உட்காரவில்லை. “அண்ணி, அந்த மூடியில குறி இருந்துச்சு.”

“எந்த மூடி?”

“முத மூடி. மேஸ்திரி குறி போட்டார். சாய்ச்சா நழுவும்னு சொன்னார். நான் மண்ணெண்ணெய் தொட்டு அழிச்சிட்டுக் கொண்டாந்தேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனுஷர் மெதுவாகப் பேசியதைக் கேட்டேன். அக்கா கையில் இருந்த பட்டாணித் தோலைக் கிண்ணத்தில் போட்டார். எது தோல், எது பட்டாணி என்று பார்க்கவில்லை.

“எதுக்கு அழிச்ச?”

“நல்ல சாமான் கொண்டாந்தேன்னு நீங்க நினைக்கணும்னு.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“அப்ப அன்னைக்கு நான் சரியாத்தான் பிடிச்சேன்” என்றார் அக்கா.

“சரியாத்தான் பிடிச்சீங்க அண்ணி.”

“நான் சரியாத்தான் பிடிச்சேன்” என்று இன்னொரு முறை சொன்னார். இந்த முறை எங்கள் யாரிடமும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “உன் மூத்தவனுக்கு இப்ப என்ன வயசு?”

“முப்பத்தி ரெண்டுக்கா.”

“பொறந்தப்ப என்ன எடை?”

சொன்னேன். தலையாட்டினார். “அது ஒரு எடையா? தூக்கியிருப்பேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரல் மடங்கியதால் அவர் பிள்ளைகளைத் தூக்காமல் இருக்கவில்லை. தன் கையையே நம்பாமல் இருந்திருக்கிறார். மாமியார் சொன்னதை, புருஷன் கேட்டதை, நாங்கள் சிரித்ததை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு, நாற்பது வருஷம் ஒரு பச்சைப்பிள்ளையைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

மூடிக்காரர் தரையில் உட்கார்ந்து காலைப் பிடிக்கக் குனிந்தார். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

“வேணாம். நீங்க கிளம்புங்க.”

வா போ என்று நாற்பத்தைந்து வருஷம் கூப்பிட்ட தம்பியை அவர் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

விழா அன்று அக்கா வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார். மேடைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடிக்காரருக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் வழக்கம்போலக் கத்தினார்.

“இந்த மூடி நான் கண்டுபிடிச்சது இல்ல!”

அடக்கமாகப் பேசுகிறார் என்று கூட்டம் கைதட்டியது.

“தட்டாதீங்க! எங்க அண்ணி கண்டுபிடிச்சது. ஓட்டை, காது, எல்லாம் அவங்க சொன்னது. நான் செஞ்சது வேற மூடி. பழுது மூடி. குறிய அழிச்சிட்டு அவங்ககிட்ட குடுத்தேன். அதுலதான் கை வெந்துச்சு. அவங்களுக்கு நழுவக்கைன்னு பேரு வச்சாங்க. அவங்க கையில எதுவும் நழுவல. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. பட்டறைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. குறியை அழிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். முதலாளியம்மா எழுந்து வந்து சால்வையைச் சரிசெய்வதுபோல மைக்கை வாங்கிக்கொண்டார். பத்திரிகைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். அவர் பத்திரிகையில் இந்த மூடியின் கதை வரவே இல்லை.

வீட்டில் மூடிக்காரரின் மனைவி பொரிந்து தள்ளினார். “மூடி மூடின்னு ஊரே கொண்டாடுச்சு. இப்படித் திறந்து போட்டுட்டீங்களே! பொண்ணோட மாமியார் வீட்டுல என்ன நினைப்பாங்க?” சொந்தத்தில் பலரும் அதைத்தான் சொன்னார்கள், முடிந்துபோனதை எதற்குக் கிளற வேண்டும் என்று. பெட்டிக்குள் வைக்கும் காகிதத்தை மட்டும் பட்டறை பேசாமல் மாற்றியது. இப்போது அதில் எப்படிக் கழுவுவது என்று மட்டும்தான் இருக்கிறது.

விழா முடிந்த நாலாம் மாதம் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்காவும் நானும் போனோம். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும்; எதுவும் கேட்காமல் குழந்தையைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள். மூடிக்காரர் மூலையில் நின்றார். அக்கா இரண்டு கையையும் நீட்டினார். கை ஆடியது. மடங்கிய விரலால் அல்ல, அறுபத்தைந்து வயதால் ஆடியது. கொஞ்சநேரம் அந்தக் கைகளையே பார்த்தார்.

“இப்ப நிஜமாவே நடுங்குது. முப்பது வயசுல சொல்லியிருந்தா தூக்கியிருப்பேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “மடியில போடும்மா. நீ கையை எடுக்காத.”

குழந்தை அவர் மடியில் கிடந்தது, தாயின் கை கீழே இருக்க. மூடிக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். அவர் அழுதாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இது நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பெரிய மாமியார் போய்விட்டார், லாரிக்காரரும் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் நழுவக்கை என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. அக்காவிடம் போய்ப் பேசச் சொல்லி நான் மூடிக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “அவங்க கூப்பிடட்டும்” என்பார். அக்காவிடம் கேட்டால், “அவர் நல்லா இருக்காரா?” என்பார், அவ்வளவுதான்.

மூடிக்காரருக்கு எழுபத்து நான்கு வயது. காது சுத்தமாகக் கேட்கவில்லை. மனைவி போன பிறகு மகள் வீட்டின் முன்னறையில் இருக்கிறார். அக்கா வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.